அசனச் சட்டியின் துரு

ஏழாயிரம்பண்ணை வழி,
12.06.2025

கர்த்தருக்குள் அன்பான ஜோதி அக்காவுக்கு, தங்கை பியூலா எழுதுவது.

இங்கே நானும் கிருபா அப்பாவும் சுகமாயிருக்கிறோம். கிருபாவும் மதுரை ஹாஸ்டலில் சுகம். உங்கள் சுகத்துக்கும் பெனிட்டோ, மருமகள் சுகத்துக்கும் எழுதவும். காலில் இருந்த வீக்கம் வடிந்ததா? சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று பயந்திருப்பீர்கள். ஒன்றுமில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை, காது மிஷின் விசில் அடிக்கிறது என்கிறீர்கள். எங்கள் வீட்டு நல்ல போன் கிருபாவோடு நர்சிங் காலேஜுக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் தமிழ் அடிக்க எனக்கு வராது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து அடிக்கச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் தபால்காரருக்கு வேலை வைத்துவிட்டேன்.

விஷயம் பெரிதில்லை. அத்தான் இறந்த வருஷம் அவர் நினைவாக நீங்கள் சபைக்கு ஒரு பெரிய இருப்புச்சட்டி வாங்கிக் கொடுத்தீர்கள் அல்லவா? காதுப் பக்கம் 'சாலமன்ராஜ் நினைவாக' என்று புள்ளி வெட்டியிருக்குமே, அது. அதில் உள்பக்கம் முழுக்கத் துரு ஏறிவிட்டது. பாத்திர அறை ஓடு ஒழுகி மழைத் தண்ணீர் பட்டிருக்கும் போல. செப்டம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை சபை அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற கறிக்குழம்புக்கு அந்தச் சட்டியில்தான் வெங்காயம் வதக்குவோம். பெண்கள் சங்கச் செயலாளர் என்று பாத்திர அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. என் பொறுப்பில் இருக்கும்போது இப்படி ஆனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கடையில் விற்கிற மருந்து எதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கிற சாமானை வைத்து எப்படி எடுப்பது என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் இரும்புக் கட்டிலையே பளபளவென்று வைத்திருந்தவர் நீங்கள்.

இதைக் கிருபாவிடமோ பெனிட்டோவிடமோ சொல்ல வேண்டாம். சின்ன விஷயம்.

அன்புடன்,
பியூலா

---

ஓசூர்,
20.06.2025

அன்புத் தங்கை பியூலாவுக்கு, அக்காவின் வாழ்த்துகள்.

நான் நன்றாக இருக்கிறேன். கால் வீக்கம் காலையில் இல்லை, சாயங்காலம் வந்துவிடுகிறது. பெனிட்டோவும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகல் முழுக்க நானும் டி.வி.யும்தான். அதில் பேசுகிறவர்கள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், பொழுது போயிற்று. இனி மாதம் ஒன்று எழுது.

துரு என்ன, புற்றுநோயா? அதற்கு ஏன் இப்படிப் பம்முகிறாய்? எலுமிச்சை அளவு பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, ஒரு கை கல்லுப்புப் போட்டு, சட்டி முழுக்கப் பூசு. அரை மணி நேரம் விட்டுத் தேங்காய் நாரால் தேய். ஸ்டீல் நாரைத் தொடாதே, கீறல் விழுந்து அந்தக் கீறலிலேயே மறுபடி துரு பிடிக்கும். கழுவியதும் ஈரம் சொட்டச் சொட்டக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜெபக் கூட்டத்துக்கு ஓடிவிடாதே. துணியால் துடை, அடுப்பில் வைத்துக் காய வை, சூடு இருக்கும்போதே நல்லெண்ணெய் தடவு. இரும்புக்கு ஈரம்தான் நோய், எண்ணெய்தான் மருந்து. அவ்வளவுதான் வைத்தியம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நம் ஊரில் ஓடு ஒழுகுகிற அளவுக்கு மழை எப்போது பெய்தது? வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் வந்தாலே பேப்பரில் போடுவானே.

உன் வீட்டுக்காரர் இன்பராஜ் தம்பி எப்படி இருக்கிறார்? பட்டாசுக் கம்பெனியில் இந்நேரம் தீபாவளி ஆர்டர் குவிந்திருக்கும், போர்மேனுக்கு வீட்டுக்கு வர நேரம் இருக்காதே. கேட்டதாகச் சொல்.

அன்பு அக்கா,
ஞானஜோதி

---

ஏழாயிரம்பண்ணை வழி,
02.07.2025

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. கால் மாட்டில் தலையணை வைத்துப் படுங்கள். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள், நீங்கள் செய்ய மாட்டீர்கள்.

நீங்கள் எழுதியபடியே புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். துரு சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் அதற்கு அடியில் செம்புக்குடம் துலக்கியதுபோலத் திட்டுத் திட்டாக மினுங்குகிறது. எண்ணெய் தடவி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தத் திட்டுகளின் ஓரத்திலிருந்து மறுபடி துரு கிளம்பியிருக்கிறது, முன்னைவிட அதிகமாக. கையை வைத்தால் சொரசொரவென்று குழி குழியாக இருக்கிறது. புளி அதிகமாகிவிட்டதா?

வேறு எதுவும் தெரிந்தால் எழுதுங்கள். வினிகர் நல்லது என்கிறார்கள். உருளைக்கிழங்கு என்றும் சொல்கிறார்கள்.

கிருபா அப்பாவுக்கு வேலை இருக்கிறது, காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறார். இந்த வருஷம் ஆர்டர் கொஞ்சம் குறைவு என்கிறார்கள். மழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன வருஷம் பெய்த மழையாகத்தான் இருக்கும்.

கடிதத்தில் எழுத்துச் சரியில்லை என்றால் மன்னிக்கவும், அவசரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
பியூலா

---

ஓசூர்,
11.07.2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். கால் மாட்டில் தலையணை வைத்தேன். வீக்கம் குறைந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது.

சட்டி என்ன அடம் பிடிக்கிறது உன்னைப்போல? சரி, இப்போது சொல்வதை வரிசையாகச் செய். சோறு வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றாமல் சட்டி நிறைய ஊற்றி இரண்டு நாள் வை. புளித்து நாறும், நாறட்டும். பிறகு ஒரு உருளைக்கிழங்கைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தில் சமையல் சோடாவைத் தொட்டுத் தொட்டுத் தேய். அதற்கும் போகாத இடத்துக்கு மட்டும் வினிகர். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒட்டி வை, ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது. விட்டுவிட்டு மறந்து போனால் துருவைத் தின்ற பிறகு இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். கடைசியில் அடுப்பில் காயவைத்து எண்ணெய், மறுபடி காயவைத்து எண்ணெய், நாலு தரம். முடிவில் இரண்டு வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கிக் கொட்டு. சட்டி கன்னங்கரேலென்று ஆகிவிடும்.

அந்தச் செம்பு மினுக்கம்தான் எனக்குப் பிடிபடவில்லை. இரும்புச் சட்டிக்குள் செம்பு எங்கிருந்து வந்தது? நன்றாகப் பார்த்து எழுது.

இன்னொன்று. உன் கடிதத்தின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை அப்படியே நீலமாகப் பதிந்திருக்கிறது. பேனா ஒழுகுகிறதா? அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அசனப் பந்தியில் பொன்னுத்தங்கம் கறி பரிமாற வந்தபோது நீ அவள் கையைப் பிடித்து, "துத்தக் கையோட பந்தியில நிக்காத, போயிக் களுவிட்டு வா"ன்னு எல்லார் முன்னாலும் சொன்னாயே. பாவம், பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவளுக்கு நகக்கண்ணில் துத்த நீலம் போகுமா? கரண்டியை வைத்துவிட்டுப் போனவள் அன்று பந்திக்குத் திரும்பி வரவே இல்லை. இப்போது செயலாளர் அம்மாவே நீலக் கையோடு எழுதுகிறீர்கள். சும்மா கிண்டலுக்குச் சொன்னேன், கோபிக்காதே. ஒரு நல்ல பேனா வாங்கு.

அன்பு அக்கா,
ஞானஜோதி

---

ஏழாயிரம்பண்ணை வழி,
09.08.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

நீங்கள் சொன்ன எல்லாம் செய்தேன். கஞ்சி, உருளைக்கிழங்கு, வினிகர், எண்ணெய், வெங்காயம். சட்டி இப்போது கறுப்பாக நன்றாக இருக்கிறது. நேற்று பாத்திர அறையில் திருப்பி வைத்துவிட்டேன். இனி அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பேனா மாற்றிவிட்டேன்.

பியூலா

---

ஓசூர்,
18.08.2025

அன்புத் தங்கை பியூலாவுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இல்லை என்று தோன்றுகிறது.

ஒரு மாதம் கழித்து நாலு வரி எழுதுகிறாய். அதில் ஒரு வார்த்தை என்னை உறுத்துகிறது. 'பாத்திர அறையில் திருப்பி வைத்துவிட்டேன்' என்கிறாய். துருப்பிடித்ததே பாத்திர அறையில்தான் என்றாய். தேய்க்க ஒரு நாள் வெளியே எடுத்தால் சரி, இரண்டு மாதமாகவா அது உன் வீட்டில் இருந்தது? கடிதத்தையும் கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறாய், ஒரு விரல் அடையாளம் இல்லை.

நான் முப்பத்தி நாலு வருஷம் நர்ஸாக இருந்தவள். வலிக்கவில்லை என்று சொல்கிறவர்களைத்தான் முதலில் பார்ப்பேன். இரும்பில் செம்பு ஏறியதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். மயில்துத்தத்தில் செம்பு இருக்கிறது என்று பயிற்சியில் படித்தது ஞாபகம் வந்தது. நீலமும் அதுதான். என்னிடம் பயப்படாமல் சொல்லலாம், காது கேட்காத நான் வேறு யாரிடமும் போய்ப் பேச முடியாது.

அந்தச் சட்டியில் என்ன காய்ச்சினாய்? இன்பராஜ் தம்பிக்குக் கம்பெனி இருக்கிறதா இல்லையா?

அன்பு அக்கா,
ஞானஜோதி

---

ஏழாயிரம்பண்ணை வழி,
25.08.2025

அன்பான அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேரே சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்குப் பிறகு கிருபா அப்பாவின் கம்பெனியை மூடிவிட்டார்கள். லைசென்ஸ் தகராறு, எப்போது திறக்கும் என்று தெரியாது. அவர் பழைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பழைய நேரத்துக்கே கிளம்புகிறார். போவது சாத்தூரில் ஒரு கடைக்கு, மூட்டை இறக்க. போர்மேன் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு லோடு இறக்குகிறார். கிருபாவுக்குத் தெரியாது. நான் மார்ச் மாதத்திலிருந்து வீட்டில் குழாய் உருட்டுகிறேன், அக்கா. வெடிமருந்து கிடையாது, வெறும் காகிதக் குழாய்தான். கதவைச் சாத்திக்கொண்டு, டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு உருட்டுகிறேன். கேட்டால் தலைவலி என்று சொல்கிறேன். 'வாத்தியார் வீட்டுப் பிள்ளைக குழாய் உருட்டக் கூடாது'ன்னு அப்பா சொல்லுவார் அல்லவா? அதைச் சொல்லிக்கொண்டே நான் எத்தனை பேரை ஏளனமாகப் பார்த்திருக்கிறேன்.

பசை வீட்டில்தான் காய்ச்ச வேண்டும். மைதா மாவில், பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட வேண்டும். எனக்கு முறை தெரியாது. அடுப்பில் கொதிக்கும்போதே துத்தத்தைப் போட்டேன். என் அலுமினியச் சட்டி இரண்டே மாதத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான் வேலை. கேட்டால் நான் செய்வது தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. சாவி கையில் இருந்தது. சர்ச் அடுத்த சுவர்தான். அத்தான் பெயர் போட்ட சட்டியைத் தூக்கி வந்து அதில் மே பாதியிலிருந்து மூன்று வாரம் பசை காய்ச்சினேன். பாத்திரம் எடுத்தால் நோட்டில் எழுத வேண்டும் என்று சங்கத்தில் சட்டம் போட்டதே நான்தான். எழுதவில்லை.

இது மட்டும் என்றால் உங்களிடம் முன்பே அழுதிருப்பேன். இதற்கு மேல் ஒன்று செய்துவிட்டேன்.

17ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து அசனப் பாத்திரங்களைப் பார்த்தோம். சமையலுக்கு வருகிற பேச்சியம்மாள் எதையும் ஒரு எலுமிச்சை மூடி போட்டுத் தேய்த்துப் பார்க்காமல் எடுக்க மாட்டாள். இந்தச் சட்டியையும் தேய்த்தாள். கறுப்பு போய் உள்ளே செம்பு தெரிந்தது. "இது துத்தச் சட்டி. இதுல எவளோ பசை காய்ச்சிருக்கா. இதுல கறி வச்சுப் புளிய ஊத்துனா ஊரே வாந்தி எடுக்கும்"னு சொன்னாள். நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். கடைசியாக வாங்கியது பொன்னுத்தங்கம், மே மாதம் மகனுக்கு நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள், "களுவித் தேச்சு, எண்ண தடவித்தான் குடுத்தேன். பியூலா அக்காதான் கையில வாங்கி வச்சாக. கேட்டுப் பாருங்க"ன்னு சொன்னாள். சங்கத் தலைவி என்னிடம் திரும்பி, "அப்படியா பியூலா?"ன்னு கேட்டாங்க. நான், "நா உள்ள பாக்கல"ன்னு சொன்னேன்.

பேதுரு மறுதலித்ததை ஞாயிறு பள்ளியில் எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவருக்காவது உயிர்ப் பயம். எனக்கு என்ன பயம்?

அப்போது என் இரண்டு கையிலும் மருதாணி. நீலம் தெரியாமலிருக்க அரைத்துப் பூசியிருந்தேன். கிருபா அப்பா சொந்தத்தில் கல்யாணம் என்று பொய் சொல்லியிருந்தேன். பொன்னுத்தங்கம் நோட்டைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு, "சரிக்கா"ன்னு மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த வருஷம் அவள் அசன அடுப்புப் பக்கம் வரக் கூடாது, வேறு சட்டி வாங்கித் தர வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். எழுதியது நான், அக்கா. செயலாளர் அல்லவா?

இரவும் பகலும் அந்தத் தீர்மானம்தான் கண்ணில் நிற்கிறது. என்ன செய்ய? எழுதுங்கள்.

பியூலா

---

ஓசூர்,
03.09.2025

பியூலாவுக்கு,

கடிதம் வந்தது. வாசித்தேன்.

நடந்தது நடந்துவிட்டது. இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தச் சட்டியில் யாரும் சமைக்கக் கூடாது. துத்தம் வயிற்றுக்குள் போனவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், விளையாட்டில்லை. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. போடும் முன் காதில் உள்ள பெயரைச் சுத்தியலால் தட்டி அழித்துவிடு. அதே அளவில் புதுச் சட்டி ஒன்றுக்கு இங்கே சொல்லிவிட்டேன். அத்தான் பெயர் வெட்டி, பார்சல் சர்வீஸில் சாத்தூருக்கு அசனத்துக்கு முன்னால் வந்துவிடும். சங்கத்தில், "அக்கா புதுசு குடுத்துட்டாக, பொன்னுத்தங்கத்த மன்னிச்சு விட்ருங்க"ன்னு நீயே சொல். அவளுக்கும் பிரச்சினை தீரும், உனக்கும் நல்ல பெயர். யாரும் கேட்காத கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டாம்.

வாயைத் திறக்காதே. அப்பா நாற்பது வருஷம் சம்பாதித்த மரியாதை அந்த ஊரில் இருக்கிறது. குழாய் உருட்டுகிற விஷயம் இங்கே மருமகளுக்கும் தெரிய வேண்டாம், அவர்கள் வீட்டில் ஒரு மாதிரி பேசுவார்கள். உன் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீயும் என் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஞானஜோதி

---

ஏழாயிரம்பண்ணை வழி,
05.10.2025

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் கிருபா அப்பாவும் சுகம். உங்கள் கால், கழுத்து, சர்க்கரை எல்லாம் எப்படி இருக்கிறது என்று எழுதவும். ஒரு மாதமாக எழுதாமலிருந்ததற்குக் கோபப்படாதீர்கள். எழுதினால் நீங்கள் தடுப்பீர்கள், உங்கள் பேச்சைக் கேட்டுவிடுவேன் என்றுதான் எழுதவில்லை. ஆனாலும் கடைசி வரை உங்கள் பேச்சைக் கேட்கத்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுச் சட்டி 26ஆம் தேதி வந்தது. மறுநாள் சனிக்கிழமை, சர்ச் வளாகத்தில் பந்தல் போட்டு முப்பது பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். சட்டியை இறக்கினதும் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். "ஞானஜோதி அக்காவுக்கு எம்புட்டுப் பெரிய மனசு, கெடுத்தது ஒருத்தி, குடுக்குறது இவுகளா"ன்னு தலைவி சொன்னாங்க. நீங்கள் சொல்லிக் கொடுத்ததை மனப்பாடமாக வைத்திருந்தேன். எழுந்து நின்று, "பொன்னுத்தங்கத்த" வரைக்கும் சொன்னேன். 'மன்னிச்சு' என்கிற வார்த்தை வாயில் வரவில்லை. யார் யாரை மன்னிப்பது?

நின்றுகொண்டே இருந்தேன். வெங்காயக் கண்ணீர் என்று நினைத்து ஒருத்தி முந்தானையைக் கொடுத்தாள். பக்கத்து வாளித் தண்ணீரில் கையைக் கழுவி நீட்டினேன். மருதாணி வெளிறிப் போயிருந்தது. நகக்கண்ணில் நீலம் தெரிந்தது. "அந்தச் சட்டியில பசை காய்ச்சுனது நாந்தான். பொன்னுத்தங்கம் நல்லாத்தான் குடுத்தா. ஏழு மாசமா நா வீட்டுல கொளாய் உருட்டுறேன்"ன்னு சொன்னேன்.

முப்பது பேர் கையிலும் கத்தி நின்றுவிட்டது. கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். "நீயா? வாத்தியார் மகளா?"ன்னு தலைவி கேட்டாங்க. பசை காய்ச்சினதற்கு அவங்க வருத்தப்படவில்லை அக்கா, வாத்தியார் மகள் என்பதற்குத்தான் வருத்தப்பட்டாங்க. பேச்சியம்மாள் மட்டும், "கேட்ருந்தா நாஞ் சொல்லிருப்பேம்லா"ன்னு முணுமுணுத்துவிட்டு வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். சாவியை இடுப்பிலிருந்து எடுத்து வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தீர்மான நோட்டை வாங்கி, என் கையெழுத்தில் இருந்ததை என் கையாலேயே அடித்துவிட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதினேன்.

அங்கேயிருந்து நேரே பொன்னுத்தங்கம் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. புது மருமகளோடு உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா"ன்னு எழுந்து, பலகையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே ஒரு குழாயை உருட்டி முடித்து ஓரத்தில் வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா"ன்னாள். "மருதாணிக்குக் கீள நீலம் கெடந்துச்சு. துத்தத்த மருதாணி மறைக்காது."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா என்னாகும்? ஒங்களயும் பந்தியிலருந்து போகச் சொல்லுவாக. அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அக்கா, அவள் இதைக் குத்திக் காட்டுவதுபோலச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குழாயை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். நான் அவள் காலில் விழப் போனேன், "பசை கெடக்கு, சேலையில ஒட்டிரும்"னு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

மறுநாள் அசனத்துக்கு வரச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டேன். தலைவியும் ஆள் அனுப்பினாங்க. அவள் வரவில்லை. "கோவமெல்லாம் இல்லக்கா. போகச் சொன்ன எடத்துல மறுபடி போயி உக்கார எனக்குத்தான் கூச்சமா இருக்கு"ன்னு சொல்லிவிட்டாள். ஏழு வருஷமாக அவள் அசனத்தில் சாப்பிடவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுப்பில் வேலை செய்துவிட்டு, பந்திக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவாளாம். செயலாளரான நான் ஒரு வருஷம்கூட அதைக் கவனித்ததில்லை. தூக்குவாளியில் சோறும் கறிக்குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பழைய சட்டியை நான் இரும்புக்குப் போடவில்லை. பெயரைத் தட்டி அழிக்கச் சுத்தியலை எடுத்தேன், கை வரவில்லை. அது இப்போது என் வீட்டுப் பசைச் சட்டி. மாவை மட்டும் அதில் காய்ச்சி இறக்கி, ஆறவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிய பிறகுதான் துத்தத்தைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். அதுதான் முறையாம், பொன்னுத்தங்கம் ஒரே நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்தாள். அத்தான் பெயரை இப்படி வைத்ததற்கு நீங்கள் கோபப்பட்டால் அதுவும் நியாயம்தான். கிருபாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "அப்பாவுக்கு முதுகு வலிக்குதாம்மா?"ன்னு மட்டும் கேட்டாள்.

ஊரில் சிலர் பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. இப்போது கதவைத் திறந்து வைத்துத்தான் உருட்டுகிறேன். இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் இது குழாய் உருட்டுகிற வெட்கம் இல்லை.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

அன்புடன்,
பியூலா

---

ஓசூர்,
14.10.2025

என் அன்புத் தங்கை பியூலாவுக்கு, அக்கா எழுதுவது.

நான் சுகம். கால் வீங்குகிறது, வடிகிறது. அது கிடக்கட்டும்.

உன் கடிதத்தை வாசித்தேன். துத்தம் எவ்வளவு விஷம் என்று உனக்கு எழுதிய நான், பொன்னுத்தங்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவளை மன்னிக்கச் சொல்லி உனக்கு வசனம் எழுதிக் கொடுத்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போனபோது நானும் அடுத்த பந்தியில்தான் உட்கார்ந்திருந்தேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஜூலையில் அதை எழுதிச் சிரிக்கவும் செய்தேன். எனக்குக் காது போனது போன கிறிஸ்துமஸில்தான், அன்று நன்றாகக் கேட்டது.

சித்தி என்ன செய்கிறாள் என்று பெனிட்டோ போன மாதம் கேட்டான். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள் என்று சொன்னேன். நேற்று சாப்பாட்டு மேசையில் மருமகளும் இருக்கும்போதே உள்ளதைச் சொல்லிவிட்டேன். மருமகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவளுடைய அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டித்தான் அவளைப் படிக்க வைத்தாளாம். நான் ஒரு மாதிரி நினைப்பேன் என்று இதுவரை சொல்லவில்லையாம்.

அத்தான் பெயர் அந்தச் சட்டியிலேயே இருக்கட்டும். அவரும் சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் பசை வாளி தூக்கியவர்தான். கல்யாணத்தின்போது அதை வெளியே சொல்லக் கூடாது என்று சொன்னவள் நான்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். இன்பராஜ் தம்பியின் முதுகுக்கு இங்கிருந்து தைலம் வாங்கி வருகிறேன். வந்த அன்று என்னைப் பொன்னுத்தங்கம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. அவள் பேசுவது எனக்குக் கேட்காது, நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்ட வேண்டும். நான் சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொள்வேன்.

உன் பழைய கடிதங்களில் நீல ரேகை விழுந்தது ஒன்று மட்டும்தான் கிழிக்காமல் என்னிடம் மிச்சம் இருக்கிறது. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். இனிமேல் எனக்கு எழுதும்போது கையைக் கழுவிவிட்டு எழுத வேண்டாம்.

உன் அக்கா,
ஞானஜோதி